விதைநெல்லும் குரலும்

நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள். ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்த மாலைப் பொழுதில், காவிரிப் படுகையின் சிற்றூர்களில் நம் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கின்றன. சேறு வழித்து, புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றி நிற்கிறோம். கல்லில் பெயர் இருக்கிறது. பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கின்றன. சில கல்லறைகளில் முகமும் இருக்கிறது. அவர்கள் நம்மை அழைத்த குரல் மட்டும் அங்கே இல்லை. மறைந்தோர் நம்மை விட்டுச் செல்கையில் முதலில் அகல்வது அவர்தம் குரலே. முகத்தை நினைவில் கொணர முடிகிறது. குரலைக் கொணர முயன்றால் சொற்கள் வருகின்றன, ஒலி வருவதில்லை.

ஆயினும், நம்மில் பலருடைய வீடுகளில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. பரண்மேல் பிஸ்கட் டப்பாவிலோ, பீரோவின் அடித்தட்டிலோ, பழைய திருமண ஆல்பங்களுக்கு நடுவிலோ ஒரு கேசட்டாக அது கிடக்கிறது. அதை என்ன செய்வது? இது ஒரு பழம்பொருளைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். சற்றே எண்ணிப் பார்த்தால் இது கடமையைப் பற்றிய கேள்வி. ஒருவருடைய குரலைக் காப்பது என்றால் என்ன? அக்கடமை யாருக்கு நாம் பட்ட கடன்?

தஞ்சைத் தரணிக்கு வானொலியின் குரல் புதிதன்று. 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப் பெற்றது. 1960களில் ‘ஆடுதுறை 27’ என்னும் குறுகிய கால நெல் வந்தபோது, அதைப் பற்றி அந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு உழவர்க்கு விளக்கிச் சொல்லிற்று. கேட்டவர் விதைத்தனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. குரல் விதையாக மாறிய நாடு நம் நாடு.

எனினும், வானொலி பேசியது, நாம் கேட்டோம். நம் வீட்டுக் குரலை நாமே பதிந்துகொள்ளும் வாய்ப்பு, பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட்டினால்தான் ஏழை எளியவர்க்கும் எட்டியது. அதற்கு முந்தைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களைச் சிறிதே கடக்கும். கோயில் வீதியில் மணிக்கணக்காக ஒரே இராகத்தை விரித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற மேதையும் அந்த அளவுக்குள் தம்மை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கேசட்டோ பாமரருக்கும் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடங்களைத் தந்தது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டேப்ரிக்கார்டர் வந்து இறங்கிய வீடுகளில் திருமண வாழ்த்தும், பாஸ்கா நாடகமும், பேரப்பிள்ளையின் மழலையும், கடல் கடந்த மகனுக்குத் தாய் சொல்லி அனுப்பிய செய்தியும் நாடாவில் ஏறின.

எங்கள் வீட்டிலும் ஏறின. 1986ஆம் ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை முடிந்த வேளை. குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த சித்தப்பா, எங்கள் அப்பாயியைத் திண்ணையில் அமர்த்தி, ஒரு கேசட்டின் இரு பக்கமும் பாட வைத்தார். முதற் பக்கத்தில் நடவுப் பாட்டு. இறுதியில் ஓர் ஒப்பாரி. மறுபக்கத்தில், தவக்காலத்தில் எங்கள் கோயிலில் அப்பாயி தலைமை தாங்கிப் பாடும் வியாகுலப் புலம்பல். இடையிடையே கோழி கொக்கரித்தது, தாத்தா இருமினார், “அடுப்புல பால் பொங்குது பாரு” என்று அப்பாயியே பாட்டை நிறுத்திக் குரல் கொடுத்தார். உறையின்மேல், ‘அப்பாயி பாட்டு – தை 86’ என்று எழுதினோம். சித்தப்பா இரட்டைக் கேசட் கருவியில் ஒரு படி எடுத்து, அதைத் தம்முடன் கொண்டு போனார்.

1991இல் அப்பாயி இறைவனடி சேர்ந்தார். தந்தையார் அந்த மூலக் கேசட்டை நிலப் பத்திரங்களோடும் நகைகளோடும் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆண்டுக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளன்று, போட்டுக் கேட்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒரு முறையும் அவர் போடவில்லை. “மனசு தாங்காது” என்பார். அன்பினால் பூட்டினார், அன்பினாலேயே திறவாதிருந்தார். அவர் மறைந்த பின், 2013இல், நாங்கள் பீரோவைத் திறந்தோம். ஓதம் ஏறிய சுவரை ஒட்டி இருபத்திரண்டு மழைக்காலங்களைக் கண்ட பீரோ அது. நாடாவின் விளிம்பெங்கும் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. பொறுமையற்று அப்படியே கருவியில் இட்டோம். இரண்டு நொடி ஒரு முனகல் கேட்டது. பிறகு நாடா உருளையில் சுற்றிக்கொண்டு, கசங்கி, அறுந்தது. பென்சிலைச் செருகிச் சுற்றி மீட்கும் நிலையில் அது இல்லை. பூஞ்சை பிடித்த நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டலாகாது என்னும் எளிய உண்மை எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேசட் நாடா எவ்வளவு மெல்லிய பொருள் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நாடா இருக்கும். அதன் பருமனோ நம் தலைமயிரினும் குறைவு. பாலியெஸ்டர் தளத்தின்மேல், காந்தத் துகள்களைப் பசை போன்ற ஒரு பிணைப்பொருளில் குழைத்துப் பூசியிருப்பார்கள். பெரும்பாலான நாடாக்களில் அத்துகள் இரும்பு ஆக்சைடு. சுருங்கச் சொன்னால், ஒரு வகைத் துரு. அந்தத் துகள்கள் எத்திசையில் எவ்வளவு காந்தம் ஏற்று நிற்கின்றன என்பதே நம் தாயின் குரல். காந்தம் எளிதில் அழிவதில்லை. பிணைக்கும் பசைதான் முதலில் கெடுகிறது. சில நாடாக்களின் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கும். பழைய அசிட்டேட் நாடாக்கள் காடி மணம் வீசிச் சுருங்கும். ஒலிக் காப்பகங்கள் 20 பாகை வெப்பத்தையும் 30 முதல் 40 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தையும் நாடுகின்றன. நம் படுகையிலோ வடகிழக்குப் பருவமழையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. நெல்லுக்கு உகந்த காற்று நாடாவுக்கு நஞ்சு.

ஆனால் ஈரம் மட்டுமா அதை அழித்தது? பூட்டும் அழித்தது என்றே சொல்ல வேண்டும். இதைத் தெளிந்துகொள்ளப் புனித அகுஸ்தினாரிடம் சற்றே செல்வோம். காலம் என்பது யாது என்று தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பதினோராம் பகுதியில் ஆராயும் அவர், ஒலியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஒலி ஒலிக்கத் தொடங்குமுன் இல்லை. ஒலித்து முடிந்தபின் இல்லை. ஒலிக்கும்போதும் கடந்துகொண்டே இருக்கிறது. ஒரு பாடலை முழுதாக நிறுத்திப் பிடிக்க முடியாது. நிறுத்தினால் எஞ்சுவது அமைதியே. ஓவியம் அசையாமல் இருந்து நிலைக்கிறது. குரல் கடந்து செல்வதினாலேயே குரலாகிறது. ஆகவே, அசையாத நாடாவில் இருப்பது குரல் அன்று. குரலாகக் கூடிய ஒன்று மட்டுமே. நாடா ஓடும்போதுதான் அப்பாயி பாடுகிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பீரோவில் நாங்கள் காத்தது ஓர் அமைதியை.

இங்கேதான் நம் உழவர் அறிவு நமக்குத் துணை வருகிறது. பத்தாயத்திலும் குதிரிலும் கிடப்பது உண்ணும் நெல். விதைநெல் வேறு. அதைத் தனியே பொறுக்கி, நன்கு காயவைத்து, வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி, சாணம் மெழுகி வைத்தனர் நம் முன்னோர். பசி வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. ஆனால் எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் விதைநெல் ஓராண்டு தாங்கும், மிஞ்சினால் இரண்டாண்டு. பிறகு முளைப்புத் திறன் குன்றும். எனவே காலத்தே விதைத்து, புதுவிதை எடுத்து, மீண்டும் கோட்டை கட்டினர். ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நெல்வகை நிலைத்தது என்றால், ஒரு மணியும் ஆயிரம் ஆண்டு இருக்கவில்லை என்பதே பொருள். விதைநெல்லைத் தின்றவன் அதை இழந்தான். விதைக்காமல் வைத்திருந்தவனும் இழந்தான். ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில் நிலத்தில் புதைத்து வைத்தவன் திருடவில்லை, வீணாக்கவும் இல்லை; பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அவனுக்குக் கிடைத்த தீர்ப்பை நாம் அறிவோம்.

ஏட்டுச் சுவடிகளுக்கும் இதுவே விதி. நம் மண்ணின் வெப்பத்திலும் பூச்சியிலும் பனையோலை நெடுங்காலம் தாங்காது. சங்க நூல்களாக இன்று நம் கையில் இருப்பவை புலவர் கை எழுதிய ஓலைகள் அல்ல. படியின் படியின் படிகள். பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ. வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, ஆடிப் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட செய்தியைக் கேட்டு நெஞ்சு பதைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏட்டை ஆற்றில் விடுவது பழுது என்று எவரும் அன்று எண்ணவில்லை. அது பயபக்தியோடு செய்யப்பட்டது. படி எடுத்த பின் பழைய ஏட்டை விடுவது வேறு. படி எடுக்காமல் விடுவது வேறு. பயபக்தி இருந்தது, படி எடுக்கும் கைதான் நின்று போயிருந்தது. எங்கள் பீரோவிலும் நேர்ந்தது அதுவே.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல். இயேசு சபைத் துறவி ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் ஆக்கியது. பதினாறு பக்கங்கள். அது யாருக்காக அச்சிடப்பட்டதோ அவர்களிடத்தில் ஒரு படியும் மிஞ்சவில்லை. இன்று அறியப்படும் ஒரு படி, கடல் கடந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நம்மிடமிருந்து சென்றதுதான் நமக்காக எஞ்சியது.

எங்கள் கேசட்டின் கதையும் அவ்வாறே முடிந்தது. குவைத்துக்குச் சென்ற படி என்னவாயிற்று? 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் யோர்தானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களுள் ஒருவராகச் சித்தப்பா ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தார். டேப்ரிக்கார்டரும் கேசட்டும் அங்கேயே போயின. ஆனால், அதற்கு முன்பே, அறையில் உடன் தங்கியிருந்த மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, “நம்ம ஊரு நடவுப் பாட்டு, எங்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்” என்று தமக்கு ஒரு படி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். இந்து சமயத்தவரான அந்த மூதாட்டி, முன்பின் அறியாத எங்கள் அப்பாயியின் குரலை நடவு தோறும் கேட்டிருக்கிறார். 2014இல் அந்த வீட்டிலிருந்து அது எங்களுக்குத் திரும்பி வந்தது. பூட்டி வைத்தது போயிற்று, கொடுத்தது மிஞ்சியது.

முழுதாக மிஞ்சவில்லை என்பதையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். படியின் படி ஆனதால் இரைச்சல் கூடியிருந்தது. மறுபக்கத்தில் யாரோ திரைப்பாடல்களைப் பதிந்திருந்தார்கள். எங்கள் அப்பாயியின் வியாகுலப் புலம்பல் இனி இவ்வுலகில் இல்லை. அதைப் பாட அறிந்த எவரும் எங்கள் பங்கில் இன்று இல்லை. அந்த இழப்புக்கு நண்பர் வீட்டாரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அவர்கள் ஒரு பக்கத்தை அழித்தார்கள். நாங்கள் இரண்டையும் அழித்தோம்.

அந்த ஒரு பக்கத்தைக் கணினியில் ஏற்றிக் கேட்டபோதுதான் இத்தனை நாள் கேளாத ஒன்றைக் கேட்டோம். அப்பாயி ஓர் அடி பாட, பின்பாட்டாக வேறு இரு குரல்கள் எழுகின்றன, குலவை இடுகின்றன. அவை எங்கள் வயலில் நடவு நட்ட பெண்களின் குரல்கள். உண்மையில் அந்தப் பாட்டே அவர்களுடையது. வயலின் சேற்றில் குனிந்து நின்று அவர்கள் பாடக் கேட்டுத்தான் வரப்பில் நின்ற அப்பாயி கற்றார். நாங்கள் உறையில் எழுதியதோ ‘அப்பாயி பாட்டு’. குரலைப் பதிந்தோம், பெயரைப் பதியவில்லை.

அவ்விருவருள் ஒருவர் வாய்க்காலுக்கு அப்பால் உள்ள தெருவில் இன்னும் இருப்பதை விசாரித்து அறிந்து, அவரிடம் எடுத்துச் சென்றோம். பார்வை மங்கிய மூதாட்டி. குலவை எழுந்த கணத்தில் கையை உயர்த்தினார். “இது எங்க அக்கா குரலு தம்பி. அவ போயி இருவது வருசமாச்சு” என்றார். அவருடைய வீட்டில் அந்த அக்காளின் ஒரு நிழற்படமும் கிடையாது. பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நடவு இயந்திரம் வந்துவிட்ட வயலில் அவர்கள் ஒருநாளும் இப்பாட்டைக் கேட்டதில்லை. இறுதியில் ஒப்பாரி தொடங்கியதும், நிறுத்தச் சொன்னார். அது அவர்கள் வீட்டில் இறந்த ஒரு குழந்தைக்காகப் பிறந்த பாட்டாம். “பாட்டைப் புள்ளைங்களுக்குக் கொடுங்க. இதை மட்டும் மைக்குல கியிக்குல போட்டுராதீங்க” என்றார். அப்படியே வாக்களித்தோம்.

அன்று நாங்கள் கற்றவை இரண்டு. குரலைக் காக்கும் கடன் நம் குருதியினர்க்கு மட்டும் உரியதன்று. நாடாவில் ஒலிக்கும் ஒவ்வொருவர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் உரியது. பெயரற்றுப் போனவர்க்கு அது இரட்டிப்பாக உரியது. இரண்டாவது, கையளிப்பது வேறு, இறைப்பது வேறு. உழவர் விதையைப் பண்படுத்திய வயலில் தெளிக்கிறார்; தெருவில் வாரி விடுவதில்லை. துயரத்தில் பிறந்த ஒரு குரலை, அதற்கு உரியவர் இசைவின்றி ஊரறியப் பரப்புவது காத்தல் ஆகாது. நம் கைப்பேசிகள் ஒரு நொடியில் எதையும் உலகெங்கும் அனுப்ப வல்லவை ஆதலால், இதைப் பன்முறை எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் காக்க முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. உழவர் எல்லா நெல்லையும் விதைக்கு வைப்பதில்லை. கடையில் வாங்கிய பாடல்கள் வேறெங்கேனும் இருக்கும். நம் வீட்டில் மட்டுமே உள்ள குரல், நம் தெருவில் மட்டுமே வழங்கிய பாட்டு, இவற்றை நாம் விட்டால் வேறு எவரும் காப்பார் இல்லை. அவையே பொறுக்கு விதை. அவற்றுக்குக் காலமும் குறுகிவிட்டது. நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் அருகிவிடுவார்கள் என்றும், அந்நிலை 2025ஐ ஒட்டி வரும் என்றும் யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமும் 2019இல் ஒரு திட்டம் வகுத்து எச்சரித்தன. அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை மிகுதி அல்ல. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு தகடுகளையும் ஒடித்துவிட்டால் தவறிப்போய் அதன்மேல் வேறொன்றைப் பதிய இயலாது. ஒலிபெருக்கி, மின்மோட்டார் ஆகியவற்றின் காந்தத்துக்கு அப்பால், ஓதம் படாத இடத்தில் நூல் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல், வல்லாரிடம் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள கருவியில், தலைப்பகுதியைத் துடைத்துவிட்டு, ஒரே முறை ஓட்டி, சுருக்கப்படாத கோப்பாகக் கணினியில் ஏற்ற வேண்டும். அப்படியைக் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். யார் பாடியது, எப்போது, எங்கே, உடன் பாடியவர் யார் என்று தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். பெயரற்ற குரல் பாதிக் குரலே. மூல நாடாவை எறிந்துவிடலாகாது. நாளை அதிலிருந்து இன்னும் தெளிவாக எடுக்க வழி பிறக்கலாம். கணினிப் படியும் நிலையானதன்று. தட்டு பழுதாகும், கைப்பேசி தொலையும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்படி எடுக்க வேண்டும். நாற்றங்கால் போடும் வேலை எந்தத் தலைமுறையோடும் முடிவதில்லை.

உயிர்ப்பின் காலையில் மகதலா மரியா ஆண்டவரைக் கண்களால் கண்டும் அறிந்துகொள்ளவில்லை. தோட்டக்காரர் என்றே எண்ணினார். தம் பெயரை அவர் அழைத்த குரல் செவியில் விழுந்ததும் அறிந்துகொண்டார். முகத்தினும் ஆழமாகக் குரல் நம்மைத் தொடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நாடாவில் இருப்பது உயிர்ப்பு அன்று. அதை நாம் குழப்பிக்கொள்ளலாகாது. இறந்தோரைத் திருப்பித் தரும் ஆற்றல் எந்தக் கருவிக்கும் இல்லை. ஆனால், ஒருவர் நம்மை அழைத்தார் என்பதற்கு அது சாட்சி. சாட்சியைப் பூட்டி வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இப்போது ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று, மந்திரிப்பு முடிந்து வீடு திரும்பியதும், நாங்கள் அந்த முதற் பக்கத்தைப் போடுகிறோம். இரைச்சலுக்கு நடுவே அப்பாயி பாடுகிறார். இரு பெண்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள். பால் பொங்குகிறது. ஒப்பாரி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறோம். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள அந்தத் தெருவிலும் அதே பாட்டு ஒரு பெயர்த்தியின் கைப்பேசியில் இருக்கிறது. உறையின்மேல் இருந்த எழுத்தையும் மாற்றிவிட்டோம். அங்கே இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன.